நாலாம் நாள் தண்ணீர்

என் தாய்மாமனின் உயிலை ஊரார் முன்னால் வாசித்தபோது அதிலிருந்த ஒரு வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கண் தவறியது என்று யாராவது எனக்காகச் சமாதானம் சொல்ல வந்தால் அதை நான் ஏற்கமாட்டேன். அந்த வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காலையிலேயே பார்த்து வைத்திருந்தேன். குரல் தடுமாறாமல் அதைத் தாண்டினேன். அப்போது நான் உத்திரமேரூர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர். பந்தலில் இருந்தவர்களில் தெளிவாக வாசிக்கத் தெரிந்தவன் என்று எல்லோரும் நம்பியது என்னைத்தான்.

காரியம் முடிந்த அன்று அது. மாமாவின் இரண்டு மகன்களும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பந்தலுக்கு வெளியே, வெயிலில், காலனியிலிருந்து வந்த ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். நான் தாண்டிய வரி அவருடையது.

அவருடைய கணவர் மாமாவின் கிணற்றில் செத்தவர். ஒரு வறட்சியில் கிணற்றை ஆழப்படுத்தப் பாறைக்குத் தோட்டா வைத்தார்கள். ஒன்று வெடிக்கவில்லை. "எறங்கிப் பாருடா" என்று சொன்னவர் என் மாமா. அந்த அம்மாளின் கணவர் இறங்கினார், வெடித்தது. பிறகு அந்தக் கிணற்றில் நல்ல ஊற்று கிடைத்தது. மோட்டார் வந்தது, மூன்று போகம் விளைந்தது. அந்த அம்மாள் அதே நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தார்.

மாமா அதை மறக்கவில்லை. உடம்பு தளர்ந்ததும் என்னை அழைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் உயிலைப் பதிவு செய்தார். கிணற்றை ஒட்டிய மேட்டுக் கொல்லை அந்த அம்மாளுக்கு. அதோடு கிணற்றில் நாலு நாளைக்கு ஒரு நாள் முறையும், அன்றைக்கு மோட்டாரைத் தானே ஓட்டிக்கொள்ளும் பாத்தியதையும். எழுதியதை நான் படித்துக் காட்டியபோது என் முகம் மாறியிருக்க வேண்டும்.

"இன்னாடா பாக்கிற?" என்றார். "தண்ணி இல்லாம கொல்லைய மட்டும் குடுத்தா அவ இன்னா பண்ணுவா, மண்ண துன்னுவாளா?"

பிறகு, உயிலை நிறைவேற்றும் பொறுப்பை எனக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். "உனுக்கு ஒண்ணும் எழுதல. அதனாலதான் உன்ன எக்ஸிகியூட்டரா போட்டுக்கீறேன். என் பொணத்த பசங்க தூக்குவானுங்க. என் பேச்ச நீ தூக்கு."

சரி என்றேன். அவர் கையைத் தொட்டுத்தான் சொன்னேன்.

காரியத்துக்கு முந்தின நாள் பெரிய மகன் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனான். அவன் என் தங்கையின் கணவனும்கூட. உயிலில் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"நெலத்த வச்சிக்கட்டும் மச்சான், நான் வேணாங்கல. ஆனா அவ மோட்டார் கொட்டாய்க்குள்ள வந்து சுவிச்சு போட்டுக்கினு நின்னா, நாளைக்கு ஊர்ல எவன் எனுக்கு மரியாத குடுப்பான்?"

"உயில்ல இருக்கே" என்றேன்.

"உயில்ல கீறது உங்களுக்குத் தெரியும், எனுக்குத் தெரியும். அவளுக்கு எழுத்து தெரியுமா?" பிறகு, "உங்க தங்கச்சி இந்த வூட்லதான் கீது. அத்தயும் ரோசன பண்ணிக்கங்க" என்றான்.

அவன் குரலை உயர்த்தவில்லை. அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. தங்கைக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்த நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன். உண்மையில், காலனிப் பெண் ஒருத்தி எங்கள் வீட்டு மோட்டாரைத் தொடுவது எனக்குமே உறுத்தியது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுத வேண்டும்.

கொல்லையை அவருக்கு ஒப்படைத்த பத்திரத்தில் தண்ணீர் என்ற வார்த்தையே வராமல் பார்த்துக்கொண்டேன். ரேகை வைப்பதற்கு முன் அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"தண்ணிக்கு இன்னா ஆண்டே?"

"அப்புறம் கேட்டுப் பாக்கலாம்" என்றேன்.

அவரும் போய்ப் பெரியவனிடம் கேட்டார். அவன் மறுக்கவில்லை. ஒருமுறை தண்ணீர் பாய்ச்சினால் அதற்கு ஒரு நாள் கூலியில்லாமல் வேலைக்கு வர வேண்டும் என்றான். இப்படியே சில வருடங்கள் ஓடின. தனக்கு எழுதிவைத்த தண்ணீருக்காக அந்த அம்மாள் அவன் கழனியில் சும்மா நாற்று நட்டார், களை பறித்தார், அறுத்தார். நான் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் வழி அது. குனிந்த முதுகுகளில் அவருடையது எது என்று எனக்குத் தெரியும். நான் பெடலை வேகமாக மிதிப்பேன்.

அதை உடைத்தது என் தங்கை. ஒரு பொங்கலுக்கு வந்தவள் சமையல்கட்டு வாசலில் என்னை நிறுத்தினாள்.

"ஏண்ணா, கெணத்துல அந்தம்மாவுக்கும் பங்கு எழுதிக்கீறேன்னு மாமா எங்கிட்ட சொன்னாரே. நீ படிச்சப்ப அது வரவே இல்லயே? மாமாதான் அப்புறம் மாத்திட்டாரோன்னு இத்தினி நாளு நெனச்சிக்கினேன்."

நான் அவளைத் தாண்டிக் கூடத்துக்குப் போகப் பார்த்தேன்.

"அப்ப வுட்டுட்டுதான் படிச்சியா?"

"உனக்காகத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"எனுக்காகவா? நான் உன்னக் கேட்டனா?" அவள் கண் சிவந்துவிட்டது. "அந்தம்மா எங்க கழனியில சும்மா வேல செய்யுது. அதுக்கு நான்தான் கஞ்சி ஊத்துறேன். அது மூஞ்ச நான் தெனம் பாக்கிறேன். நீ செஞ்சதுக்கு என்னய சாக்கு வைக்காத."

அன்றோடு எனக்குச் சாக்கு இல்லாமல் போயிற்று. அடுத்த நாளே காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறி ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் காகிதங்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "உயிலை அவங்களால லேசுல மறுக்க முடியாது, பதிவானது. ஆனா தண்ணிங்கிற பேச்சே இல்லாத பத்திரத்துல அந்த அம்மா ரேகை வெச்சிருக்காங்க. அது எப்படி நடந்ததுன்னு நீங்க கூண்டுல ஏறிச் சொன்னாத்தான் கேஸ் நிக்கும். உங்க பேரு கெடும் சார்."

"கெடட்டும்" என்றேன். வாங்கிய பொறுப்பை முடிக்காதவரை நான் இன்னும் எக்ஸிகியூட்டர்தான். அதை முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

உயிலை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். அந்தத் தெருவுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. அந்த அம்மாள் முறத்தில் வேர்க்கடலை புடைத்துக்கொண்டிருந்தார். விட்ட வரியை வாசித்தேன். நான் செய்ததையும் சொன்னேன். அவர் முறத்தைக் கீழே வைக்கவே இல்லை.

"அப்ப நான் இத்தினி வருசம் சும்மா வேல செஞ்சது?"

"அது அநியாயம்தான். நான்தான் காரணம்."

"எம் புருசன் செத்த கெணறு அது" என்றார். கொஞ்ச நேரம் புடைத்தார். பிறகு நிமிர்ந்தார். "அன்னிக்குப் பந்தல்ல ஊரே கேக்கப் படிச்சீங்க. இன்னிக்கு வூட்டாண்ட வந்து எனுக்கு மட்டும் படிக்கிறீங்க. அதே எடத்துல, அவங்க எதிர்ல படிங்க. அப்பறம் கோர்ட்டுக்கு வர்றேன்."

அவர் கேட்டது சரி. அந்த வருடம் மாமாவின் திவசத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். இலை போடுவதற்கு முன் நான் எழுந்து உயிலைப் பிரித்தேன். ஒரு கிழவர், "இன்னா வாத்தியாரே, ரெண்டாந்தபா காரியமா?" என்றார். சிரித்தார்கள். நான் முதலிலிருந்து படித்தேன். அந்த வரி வந்ததும் நிறுத்தி, "இதை அன்று படிக்காமல் விட்டேன். தெரிந்தேதான் விட்டேன்" என்றேன். வாசலுக்கு வெளியே, அன்று நின்ற அதே இடத்தில், அந்த அம்மாள் நின்றிருந்தார்.

பெரியவன் எழுந்து வந்தான். "துன்னுட்டுப் போங்கன்னு கூப்ட்டா, குடிய கெடுக்க வந்தீங்களா? ஏந்திருச்சிப் போங்க மச்சான். இனிமே இந்த வாசப்படி ஏறாதீங்க."

சாப்பிடாமல் வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கல்யாணம் எதற்கும் எனக்குப் பத்திரிகை வரவில்லை.

வழக்கு இழுத்தது. வாய்தா வாய்தாவாக அந்த அம்மாளும் நானும் ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். அவர் முன்னால் உட்காருவார், நான் பின்னால். நான் கூண்டில் ஏறிய அன்று எதிர்க்கட்சி வக்கீல் கோர்ட்டைப் பார்த்துக் கையை விரித்தார்.

"பிள்ளைங்களுக்கு ஒழுக்கம் சொல்லித் தர்ற வாத்தியார். அன்னிக்கு சொன்னது பொய்யா, இன்னிக்கு சொல்றது பொய்யா?"

"அன்னிக்கு."

"அப்போ நீங்க பொய்யர்னு ஒத்துக்கிறீங்க?"

"ஆமாம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்."

அவர் அடுத்த கேள்வியைத் தேடிக் காகிதத்தைப் புரட்டினார். என் மாணவர்கள் சிலரின் தகப்பன்மார் பின் வரிசையில் இருந்தார்கள். நான் தலையைக் குனியவில்லை.

தீர்ப்பு அந்த அம்மாளுக்கு வந்தது. அவருடைய முதல் தண்ணீர் முறை நாளன்று பெரியவன் மோட்டார் கொட்டாயைப் பூட்டிவிட்டான். மறுபடி கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கினோம். கோர்ட் அமீனா வந்து பூட்டை உடைத்தார். ஊர் சாலையோரம் நின்று பார்த்தது. அந்த அம்மாள் உள்ளே போனார். மோட்டார் ஒருமுறை உறுமி அடங்கியது. இன்னொரு முறை போட்டார். தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் கேட்டது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திறக்கப் போனார். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் உழைத்த கூலியைப் பெரியவன் தரவில்லை. கோர்ட்டும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுப்பார் என்று நினைத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இது நீங்க குடுக்கிறது இல்ல வாத்தியாரே. என் கூலி" என்றார். பண்ணைக்காரர்களை அழைப்பதுபோல ஆண்டே என்று அவர் அழைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒருபோதும் அழைக்கவில்லை.

அவர் தொட்ட சுவிட்சைத் தொடமாட்டேன் என்று பெரியவன் கழனியின் மறுகோடியில் போர்வெல் போட்டான். சின்னவனும் அதிலிருந்தே பாய்ச்சிக்கொண்டான். அதனால் கிணறு நாலு நாளும் அவருடையதாயிற்று. ஆனால் போர் ஆழமாக இழுத்ததில் சித்திரை வந்தால் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும். மோட்டார் சிறிது நேரம் ஓடி நிற்கும். ஊறும்வரை அவர் கொட்டாய் வாசலில் உட்கார்ந்திருப்பார். ஓய்வு பெறும்வரை நான் அந்த வழியாகத்தான் பள்ளிக்குப் போனேன். அவர் என்னைப் பார்ப்பார். பிறகு எழுந்துபோய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பார், எவ்வளவு ஊறியிருக்கிறது என்று.