வாத்தியார் எழுதிய நாவலில் என் அக்கா

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, மகள் தட்டுகிறாள்.

இன்று காலை நானும் அக்காவும் ஃபெரிப் படகில் கடல் தாண்டி, தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுன் வந்தோம். பழைய பக்கத்து வீட்டு வாத்தியார் எதிரே உட்கார்ந்து, தான் எழுதிய நாவலை வாசித்துக் காட்டினார். அதில் கல்யாணமாகாத ஒருத்தி தினமும் ஜன்னலோரம் நின்று அழுகிறாள்.

“யாரு வாத்தியாரே இது?” என்று அக்கா கேட்டாள்.

“நீதான் லெட்சுமி. உன் தனிமைய நெனச்சுதான் எழுதுனேன்.”

“நான் எப்ப அழுதேன்? பொண்டாட்டி செத்த மறுமாசமே என்னைக் கட்டிக்கச் சொல்லி எங்க வீட்டு கேட்டைப் புடிச்சுக்கிட்டு அழுதது நீங்கதான்லா!”

ஃபெரியே சிரித்தது. வாத்தியார் புத்தகத்தை மூடினார்.

நான் விடவில்லை. “பச்சைச் சட்டை போட்டிருந்தீங்க. அக்கா பைப்புத் தண்ணிய அடிச்சுத்தான் வெரட்டுச்சு.”

அடுத்த பதிப்பில் அந்தக் கதாநாயகிக்கு மீசை வைக்கச் சொல்லியிருக்கிறேன். சரிதானே?