மூன்று இழைகளும் குணசுந்தரி அக்காவும்

குணசுந்தரி அக்கா மீன் சாப்பிட மாட்டார். ஆனாலும் லூனாஸ் வட்டாரத்தில் அவரைப் போல மீன் செதிலைத் தெரிந்தவர் கிடையாது. ஈரச் செதிலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தே எந்த மீன், இன்றைய மீனா நேற்றைய மீனா என்று சொல்லிவிடுவார். இதைச் சோதித்துப் பார்க்க நான் ஒருநாள் பிளாஸ்டிக் போத்தலைச் சின்னச் சின்ன வட்டமாக வெட்டிச் செதில் கூடையில் கலந்து வைத்தேன். அக்கா ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். திட்டக்கூட இல்லை. திட்டாத ஆளிடம் குறும்பு செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது செய்கிறவருக்குத்தான் தெரியும்.

எங்கள் மலிவு வீட்டு வரிசையில் நாலாவது கதவு அவருடையது. வயது நாற்பத்து நான்கு. பிறந்தது ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தை வீடு கட்ட விற்றதும் குடும்பம் லூனாஸுக்கு வந்தது. பள்ளியில் படிவம் ஐந்து முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறிக் கூலிம் தொழிற்பேட்டைக்குப் போனவர், பதினேழு வருடம் மைக்ரோஸ்கோப்புக்குள் கண்ணை விட்டு மின்சில்லுகளில் கீறல் தேடினார். பிறகு அந்தப் பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். எல்லாருக்கும் ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அதற்கப்புறம் எந்தத் தொழிற்சாலை வாசலுக்குப் போனாலும் வயது கேட்டார்கள். ஏன் கல்யாணம் கட்டவில்லை என்று நான் கேட்டிருக்கிறேன். ஷிப்ட் ஒத்து வரவில்லை என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் அதற்கு மேல் கேட்கவில்லை.

பாசாரில், ஊர்ச் சந்தையில், ஒரு மீன் கடையில் செதில் சீவும் வேலைக்குச் சேர்ந்தார். மற்றவர்கள் செதிலைக் கால்வாயில் தள்ளுவார்கள். அக்கா அதைக் கழுவிக் காயவைத்து ரோஜாச் செடி வளர்ப்பவர்களுக்குக் கொடுத்தார். அங்கே மீன் வாங்க வந்த சத்தியசீலன் சார் கண்ணில் அந்தச் செதில் பை பட்டது. அவர் பல்கலைக்கழக விரிவுரையாளர். மீன் செதிலில் இருந்து கொலாஜன் எடுப்பதுதான் அவர் ஆராய்ச்சி. முகத்துக்குப் பூசும் கிரீமிலும் பெண்கள் கலக்கிக் குடிக்கும் பொடியிலும் இருக்கிறதே, அதே கொலாஜன்.

ஆறு மாதத்தில் லூனாஸுக்கு வெளியே ஒரு கொட்டகை எழும்பியது. பொறுப்பு குணசுந்தரி அக்காவுக்கு. அவருக்குக் கீழே ஐந்து பேர். காளியம்மா அத்தை, இன்னும் மூன்று பெண்கள், ஐந்தாவதாக நான். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடம் என்னையும் நான் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டதால் எனக்கு நேரம் நிறைய இருந்தது. பாசார்களிலிருந்து வரும் செதிலை ஐஸ் தண்ணீரில் அலசி, தரம் பிரித்து, குளிர்ப்பெட்டியில் வைத்துக் கூலிமில் கொலாஜன் எடுக்கும் தொழிற்சாலைக்கு அனுப்புவது எங்கள் வேலை.

முதல் நாள் சார் எங்களுக்கு விளக்கம் சொன்னார். உதாரணத்துக்கு வேறு எதுவும் கிடைக்காமல் என் பின்னலைப் பிடித்துக்கொண்டார். கொலாஜன் என்பது மூன்று இழை ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட கயிறு. ஓர் இழைக்குத் தனியாக வலு கிடையாது. மூன்றும் சேர்ந்து இறுகினால்தான் தோலும் எலும்பும் நிற்கும். சூடு பட்டால் இழைகள் பிரிந்துவிடும். பிரிந்ததைத் திரும்ப முறுக்க முடியாது, வெறும் ஜெல்லிதான். அதனால்தான் ஐஸ், எப்போதும் ஐஸ் என்றார். அந்த மூன்று இழைக் கயிற்றுக்குப் பெயர் டிரிபிள் ஹீலிக்ஸ்.

பிறகு என் பின்னலை விடாமலே இன்னொன்றும் சொன்னார். இந்தத் திட்டமும் அப்படித்தானாம். பல்கலைக்கழகம் ஓர் இழை, தொழிற்சாலை ஓர் இழை, அரசாங்கம் ஓர் இழை. மூன்றும் முறுக்கிக்கொண்டால்தான் புதுத் தொழில் பிறக்குமாம். கொள்கை எழுதுகிறவர்கள் அதற்கும் அதே பெயரை வைத்திருக்கிறார்களாம். 

அக்கா கை உயர்த்திக் கேட்டார். "சார், அந்த மூணுல நாங்க எது?"

சார் என் பின்னலை விட்டுவிட்டார். "நாலாவது இழைன்னு ஒண்ணு இப்பப் பேசிக்கிட்டிருக்காங்கக்கா," என்றார்.

"பேசி முடிச்சதும் சொல்லுங்க சார், வந்துர்றோம்," என்றார் காளியம்மா அத்தை. 

மூன்று இழைக்கும் மூன்று முகம் உண்டு. பல்கலைக்கழகத்துக்குச் சார். தொழிற்சாலைக்கு ஷீலா மிஸ், தரம் பார்ப்பவர், கொட்டகைக்குள் வந்தால் மூக்கை மட்டும் வெளியே விட்டுவிட்டு வர முடியாதா என்று ஏங்குவது போல நிற்பார். நான் பெரிய பெரிய செதிலாகப் பார்த்து நகத்தில் ஒட்டிக்கொண்டு அவர் முன்னால் கையை ஆட்டி ஆட்டிப் பேசியிருக்கிறேன். அரசாங்க இலாகாவுக்கு என்சிக் சுல்கிப்லி, நல்ல மனிதர், எதற்கும் படம் எடுப்பவர். பயிற்சி நாள் என்று ஒன்று வைத்தார்கள். என்சிக் சுல்கிப்லி பேனர் கட்டினார். எல்லாரும் வெள்ளை ஏப்ரன் கட்டிப் பேனருக்குக் கீழே நின்றோம். படம் எடுத்தார்கள். வருகைப் பட்டியலில் கையெழுத்துப் போட்டோம். ஷீலா மிஸ்ஸுக்கு ஒரு மீட்டிங், சாருக்கு ஒரு வகுப்பு. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். பயிற்சியை யார் கொடுப்பது என்பதில் ஒவ்வோர் இழையும் மற்ற இரண்டையும் நம்பியிருந்தது. 

இருந்தும் வேலை நன்றாகவே நடந்தது. அக்காவின் கண் மைக்ரோஸ்கோப்பில் பழகிய கண். நாங்கள் அனுப்பிய முதல் இரண்டு சின்னத் தொகுதியும் பரிசோதனையில் தேறின. மூன்றாவது பெரிய தொகுதி. அது தேறினால் தொழிற்சாலை நிரந்தரமாக எங்களிடமே செதில் வாங்கும், கொட்டகை நிலைக்கும். தேறாவிட்டால் வெளிநாட்டுச் செதில் வரும், நாங்கள் ஆறு பேரும் வீட்டுக்குப் போகலாம். அக்கா அந்த வாரம் முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அந்த வாரம் பார்த்து ஐஸ் லாரி அரைநாள் தாமதமாக வந்தது. ஒரு நீலப் பீப்பாயில் இருந்த செதில் லேசாக வாடை அடித்தது. அக்கா அதைத் தனியாக ஒதுக்கி, தானே உட்கார்ந்து ஏழெட்டுத் தண்ணீர் விட்டு அலசினார். முகர்ந்து பார்த்து, சுத்தம் என்று தலையாட்டி மற்ற பீப்பாய்களோடு சேர்த்து அனுப்பினார். 

பத்து நாள் கழித்து மூன்று பேரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். மூன்று பேரும் சேர்ந்து வந்து நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. ஷீலா மிஸ் மேசையில் ஒரு கண்ணாடிப் போத்தலை வைத்தார். பால் போல வெள்ளையாக இருக்க வேண்டிய பொடி, கோயில் பிரசாதத் தட்டில் இருக்க வேண்டிய மஞ்சள் நிறத்தில் இருந்தது. தொகுதி முழுக்க அப்படித்தானாம். முகத்துக்குப் பூச வேண்டிய சாமான், இதை யார் வாங்குவார்கள் என்று கேட்டார். எதைக் கலந்தீர்கள் என்று கேட்டார்.

எல்லாருடைய தலையும் என் பக்கம் திரும்பியது. நியாயம்தான். இரண்டு மாதம் முன்னால் கைகழுவும் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்தவள் நான். காளியம்மா அத்தை இரண்டு நாள் நீலக் கையோடு அலைந்தார்.

இந்த முறை நான் எதையும் தொடவில்லை. ஆனால் அக்காவைப் பார்த்தேன். அவர் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் இரத்தம் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது. குறும்பு பண்ணுகிறவளுக்கு வேலை போனால் ஊரே தலையாட்டும், மறந்தும் விடும் என்று ஒரு கணக்குப் போட்டேன்.

"நான்தான். சும்மா விளையாட்டுக்கு," என்றேன்.

"வாசுகி, வாயை மூடு," என்றார் அக்கா. பிறகு ஷீலா மிஸ்ஸைப் பார்த்தார். "அவ இல்ல மிஸ். நான்தான் மஞ்சள் போட்டேன். ஒரே ஒரு பீப்பாய்க்கு. வாடை வந்துச்சு. மஞ்சளும் உப்பும் போட்டு அலசுனேன். தண்ணி தெளிஞ்சிருச்சே."

"மஞ்சளா? எதுக்குக்கா?"

"மீனுக்கு மஞ்சள் போடாம எப்படி மிஸ் கழுவுறது?"

ஷீலா மிஸ்ஸின் அம்மாவும் அப்படித்தான் கழுவுவார். என் அம்மாவும்தான். பீப்பாய்த் தண்ணீர் தெளிந்தாலும் சாயம் செதிலுக்குள் இறங்கிவிடும் என்பதைச் சார் அப்போதுதான், தனக்கே சொல்லிக்கொள்வது போல முனகினார். அந்த முனகலை ஒரு மாதம் முன்னால் முனகியிருக்கலாம். 

அடுத்த வாரம் சார் மட்டும் அக்கா வீட்டுக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். கையில் ஒரு கடிதம், மூன்று பிரதி, மூன்று அலுவலகத்துக்கு. மலாயில் இருந்தது. அக்கா மெதுவாக வாசித்தார். குணசுந்தரி என்பவர் முழுப் பயிற்சி பெற்றவர், பயிற்சியில் சொன்ன முறையை அவராகவே மீறினார், தவற்றுக்கு அவரே பொறுப்பு என்று எழுதியிருந்தது. கூடவே பேனருக்குக் கீழே நாங்கள் நின்ற படமும் வருகைப் பட்டியலும். ஏப்ரனில் அக்கா நன்றாகவே இருந்தார்.

"சார், மஞ்சள் போட்டது நான்தான். அதுல பேச்சில்ல," என்றார் அக்கா. "ஆனா பயிற்சின்னா எது சார்? போட்டோ பிடிச்ச அன்னைக்கா?"

சார் தரையைப் பார்த்தார். பட்டியலில் பயிற்சியாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது அவர்தான்.

பிறகு நிலைமையைச் சொன்னார். பயிற்சியே நடக்கவில்லை என்று போனால் விசாரணை வரும். யார் கொடுக்க வேண்டியது என்ற கேள்வி வரும். அது வந்த மறுநாளே மூன்று பேரும் கையை எடுத்துக்கொள்வார்கள், கொட்டகைக்குப் பூட்டு. இது ஒரு தனி ஆளுடைய தவறு என்று முடிந்தால், இன்னொரு தொகுதி அனுப்ப வாய்ப்புத் தருவார்கள்.

"கையெழுத்துப் போட்டா?" என்றார் அக்கா.

"அஞ்சு பேருக்கும் வேலை இருக்கும்."

அக்கா ஆறாவது ஆளைப் பற்றிக் கேட்கவில்லை. சாரும் சொல்லவில்லை.

போடாதீங்கக்கா, இவங்களை நம்பாதீங்க என்று நான் கத்தினேன். பயிற்சி நடக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்வேன் என்றேன். அக்கா என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தபடி நின்றேன். மலாயில் ஒரே ஒரு வரி, பயிற்சி எனக்குக் கொடுக்கப்படவில்லை என்று, கீழே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடலாமா என்று அக்கா கேட்டார். மூன்று அலுவலகமும் ஒப்புக்கொண்ட வாசகம், ஒரு புள்ளிகூடச் சேர்க்க முடியாது என்றார் சார். அவர் குரல் உடைந்திருந்தது. அதற்காக அவரை மன்னிக்கலாமா என்று இன்னும் நான் முடிவு செய்யவில்லை. 

அக்கா இரண்டாவது பக்கத்தைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. அங்கே என் பெயர் இருந்தது. இதற்கு முன்பும் ஒரு தொழிலாளி தண்ணீரில் சாயம் கலந்த சம்பவம் உண்டு, கண்காணிப்பு தேவை என்று ஒரு பத்தி.

"புள்ளி சேர்க்க முடியாதுன்னா பரவால்ல சார். இதை எடுத்துருங்க. இவ பேரு இதுல இருந்தா நான் போட மாட்டேன்."

"அக்கா, அதுக்கு மூணு பேரையும் கேக்கணும்."

"கேளுங்க. நான் எங்கயும் போகல லா, வீட்டுலதான் இருப்பேன்."

சார் வெளியே போய் வெயிலில் நின்று போன் பேசினார். மூன்று அழைப்பு. அரைமணி நேரத்துக்குள் மூன்று பேரும் சம்மதித்துவிட்டார்கள். ஐஸ் லாரியை நேரத்துக்கு அனுப்ப ஒருநாளும் ஒன்றுசேராத மூன்று இழையும் இதற்கு மட்டும் எப்படி அப்படி இறுகின என்று நினைக்க எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. சார் அந்தப் பத்தியை மூன்று பிரதியிலும் கோடிழுத்து அடித்தார். அக்கா மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். நிதானமாக, முழுப்பெயரையும்.

காளியம்மா அத்தை பொறுப்புக்கு வந்தார். புதுத் தொகுதி போனது. அக்காவைத் திரும்ப மீன் கடையில் சேர்க்கவில்லை, அங்கே வேறொரு பெண் வந்துவிட்டாள். கூலிமில் இரண்டு இடத்தில் துப்புரவு வேலைக்கு எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. வரிசையில் உள்ளவர்களின் கம்பெனிச் சட்டைகளை வாங்கி இஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

பரிசோதனை முடிவு வந்த மத்தியானம் நான் மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"தேறிருச்சுக்கா."

"வெள்ளையா?"

"வெள்ளை."

"ஓரத்துலகூட மஞ்சள் இல்லையே?"

"இல்லக்கா."

அக்கா முகம் முழுக்கச் சிரித்தார். ஒளிவு மறைவு இல்லாத சிரிப்பு. அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை. எத்தனை தண்ணீர் அலசினீர்கள், ஐஸ் எத்தனை மணிக்கு வந்தது, காளியம்மாவுக்கு முதுகுவலி எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்லச் சொல்லத் தலையாட்டினார். தன்னைப் பற்றி யாராவது கேட்டார்களா என்று மட்டும் கேட்கவில்லை.

யாரும் கேட்கவில்லை. ஷீலா மிஸ் போத்தலைக் காட்டினார், என்சிக் சுல்கிப்லி படம் எடுத்தார், சார் சீக்கிரமே கிளம்பிவிட்டார். 

"எல்லாரும் உங்களைத்தான் விசாரிச்சாங்கக்கா," என்றேன். "ஷீலா மிஸ்கூட."

வாழ்க்கையில் நான் எத்தனையோ பொய் சொல்லிப் பலரையும் நம்பவைத்திருக்கிறேன். அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"சரி," என்றார். அடுத்த சட்டையை எடுத்து விரித்து, காலரை நீவிவிடத் தொடங்கினார்.