நீர்யானைக்குப் போட்ட தரை

என் அப்பாவை என்னிடமிருந்து பறித்தது ஒரு நீர்யானை. ஆரணியில் பட்டுநூல் அலசும் தொட்டி கட்டுவதில் அவர் பேர்போன மேஸ்திரி. நூல் சிக்கி அறுந்துவிடக் கூடாதென்று தொட்டியின் உட்புறத்தைக் கண்ணாடிபோல் இழைப்பார். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் மெட்ராஸ் பக்கத்து மிருகக்காட்சி சாலையில் நீர்யானைக் குளத்தைத் திருத்திக் கட்டக் கூப்பிட்டார்கள்.

மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். வந்தாலும் அதன் பேச்சுதான். "பழைய படிக்கட்டு செங்குத்தா கீது. ஏறி ஏறி அதுக்குக் காலெல்லாம் புண்ணு. சரிவா கட்டிகினு இருக்கேன்."

எங்கள் வீட்டில் குளிக்கும் இடம் வெறும் மண். அங்கே வழுக்கி விழுந்து அம்மா கையில் கட்டுப் போட்டிருந்தாள்.

"அதுக்கு மட்டும் சிமெண்டா?" என்றேன்.

"அது வாயில்லாத ஜீவன்டி."

வாய் இருந்ததால் எங்களுக்கு மண்.

கோடை விடுமுறையில் என்னையும் அழைத்துப் போனார். அன்று சரிவுக்குக் கடைசிப் பூச்சு. மண்டியிட்டுக் கரணையால் தடவித் தடவி மெருகேற்றினார். என் தலையை அவர் அப்படித் தடவியதே இல்லை. அவர் சாப்பிடப் போனதும் தென்னந்துடைப்பத்தை எடுத்து, ஓர் ஓரம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினேன். அப்பா வந்து பார்த்ததும் முதுகில் இரண்டு விழுந்தது. அதற்குள் பூச்சு இறுகிவிட்டிருந்தது.

சில வாரம் கழித்து இன்ஜினியர் பார்க்க வந்தார். அவர் சரி என்றால்தான் அப்பாவுக்குக் கூலி, அடுத்த வேலை எல்லாம். குளத்தில் இறங்கிய நீர்யானை மேலே ஏற முயன்றது. வழுக்கியது. மறுபடி ஏறியது, மறுபடி தண்ணீரில் விழுந்தது.

"இன்னா மேஸ்திரி, இங்க பட்டுநூலா அலசப் போறீங்க?" என்று சிரித்தார் காவலாள். அப்பாவின் முகம் செத்துப்போனது.

மூன்றாம் முறை அது ஓரமாக ஒதுங்கி, நான் கீறிய இடத்தில் காலை ஊன்றி, நிதானமாக மேலே வந்து நின்றது.

"அந்தக் கோடு யார் போட்டது?" என்றார் இன்ஜினியர்.

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். "எம் பொண்ணுதாங்க."

"நல்ல யோசனை. முழுக்க அப்படியே போட்டுடு."

அப்பா மேலே இன்னொரு பூச்சு போட்டு, அதே துடைப்பத்தால் சரிவு முழுக்கக் கோடிழுத்தார். ஊர் திரும்பிய மறுநாளே எங்கள் குளிக்கும் இடத்துக்கும் சிமெண்ட் போட்டுக் கோடிழுத்தார். அம்மாவை அதில் நிற்கவைத்து, "வழுக்குதா பாரு" என்றார். தெருவெல்லாம் என் மூளையைப் பற்றித்தான் பேச்சு. நானும் நிமிர்ந்துதான் நடந்தேன்.

ஐந்தாவதோடு படிப்பு நின்றது. பிறகு ஊர் ஊராகச் சித்தாள் வேலை. எத்தனையோ சரிவுகளுக்குக் கோடு போட்டிருக்கிறேன். அன்றைக்கு எதற்குக் கீறினாய் என்று அப்பா மட்டும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. மறந்துவிட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன்.