சுவரில் இருந்த வெயில்

தையற்காரியின் புருஷன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். மூன்று அக்காமாருக்கு அப்புறம் பிறந்த ஒரே பிள்ளை. அக்காமார் காட்டிய பெண்ணுக்கு வாய் திறக்காமல் தலையாட்டியவர். கல்யாணமான வருஷமே ஒரு காட்டுப் படம் வரைந்து முன்னறையில் மாட்டினார். ஆயுசில் தனக்கென்று அவர் வரைந்தது அது ஒன்றுதான்.

நெடுநெடுவென்று மரங்கள், நடுவே ஒற்றையடிப் பாதை, இலைக்குள் பொன்னாய் இறங்கும் வெயில். துணி தைக்க யார் வந்தாலும் தையற்காரி ஆரம்பித்துவிடுவாள்: "நான் இந்த வீட்டுக்கு வந்த சந்தோஷத்துல வரைஞ்சாரு. வெயில் எப்படி அடிக்குது பாருங்க!" அவர் காதில் விழும். லேசாகச் சிரித்துவிட்டு வெளியே போய்விடுவார்.

படம் மங்கிவிடக் கூடாதென்று, பெயிண்டில் கலக்க அவர் வைத்திருந்த எண்ணெயைத் துணியில் தொட்டு அவ்வப்போது துடைப்பாள்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு, படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை பார்க்கும் மகள் பஞ்சும் படத்தின் அழுக்கெடுக்கும் மருந்தும் கொண்டுவந்து ஓரத்தைத் துடைத்தாள். பஞ்சு தேன் நிறமானது. அந்த ஓரத்து மரங்களோ சாம்பல் பூத்து நின்றன.

"அடியே, வெயிலையே துடைச்சு எடுத்துட்டியே!"

"வெயிலா? நீ தடவின எண்ணெய்ம்மா. நாள்பட்டு மஞ்சளாயிருக்கு. அப்பா வரைஞ்சது இதுதான்."

தையற்காரி மிஷின் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அப்போ அந்த வருஷம் அந்த மனுஷன் சந்தோஷமாவே இல்லையாடி?"

மகளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "பாட்டி செத்த துக்கமா இருக்கும்மா."

"பொய் சொல்லாதே. என் மாமியார் போனது நீ பொறந்தப்புறம். என் மடியிலதான் உசுரு போச்சு."

மகள் மருந்துப் புட்டியை மூடினாள். தையற்காரியே சொன்னாள்: "பெயிண்டுலயே பொழைச்ச மனுஷனுக்கு எண்ணெய் மஞ்சளாகும்னு தெரியாமலா இருக்கும்? எண்ணெய் தீர்ந்தா நான் கேக்காமலே வாங்கி வச்சாரே..." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "முழுசையும் துடை. அவரு காட்டை நானும் பாக்கிறேன்."

துடைத்து முடித்தபோது பாதைகூடக் கறுத்து, ஈரமாய்க் கிடந்தது. ஒரு பறவை இல்லை.

மறுநாள் ரவிக்கை தைக்க வந்தவள் நிமிர்ந்து பார்த்து, "என்னக்கா, வெயிலைக் காணோம்?" என்றாள்.

"அது நான் தடவினது," என்றாள் தையற்காரி. கழுத்திலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். "கையைத் தூக்கு."