என் கடை பிரவுசரில் எதுவும் தங்காது

பிரவுசிங் சென்டர் தொழிலில் அவசரம் வருகிறவனுக்கு, பழி உட்கார்ந்திருக்கிறவனுக்கு.

சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் இரண்டு மெஷினும் ஒரு பிரிண்டரும் வைத்துப் பதினான்கு வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன். அதற்கு முன்னால் விசைத்தறியில் இருந்தேன். படிப்பு எட்டாவது, அதுவும் முழுசாக இல்லை. உங்களில் இதே தொழிலில் இருப்பவர்கள் நான் சொல்லப்போவதை எல்லாம் அனுபவித்திருப்பீர்கள். மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும். என் கடை பிரவுசர் ஏன் யாருடைய பாஸ்வேர்டையும் வைத்துக்கொள்வதில்லை, விலாசத்தை ஏன் ஒவ்வொரு எழுத்தாக அடிக்க வேண்டியிருக்கிறது என்று தினமும் யாராவது வந்து முகத்தைச் சுளிக்கிறார்கள். குருவிகுளம் பக்கத்துப் பெண் ஒருத்தியின் நர்ஸிங் சீட்டு இந்தக் கடையில்தான் போயிற்று. காரணம் அதுதான். அது எப்படிப் போயிற்று என்று வரிசையாகச் சொல்கிறேன். யார் யார் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை என்பதும் அதிலேயே வந்துவிடும்.

எதிர்க்கடை மாரியப்பன்

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு நேர் எதிரே மாரியப்பன் என்பவன் கடை போட்டான். 'எந்த விண்ணப்பமும் ஐந்தே நிமிடம்' என்று ஆளுயரத்துக்கு போர்டு. திறந்த அன்று எனக்கு லட்டு கொடுத்து அனுப்பினான். வாங்கித் தின்றேன். அதற்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன். ஒரே மாதத்தில் என் பெஞ்ச் பாதி காலி. இருந்தவர்களும் வேலை பாதியில் நிற்கும்போதே வாசலைப் பார்த்தார்கள்.

அதில் ஒருவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். வருஷா வருஷம் பென்ஷனுக்கு உயிர்ச்சான்று பதிய என்னிடம்தான் வருவார். அன்றைக்கு நான் ஆங்கில எழுத்துகளைத் தேடித் தேடி ஒற்றை விரலால் அடித்துக்கொண்டிருந்தேன். பிரவுசரும் தன் பங்குக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் எழுந்து, கைக்குட்டையை உதறி, எதிர்க்கடையைப் பார்த்து நடந்தார். போகும்போது பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது இது:

"நான் உயிரோட இருக்கேன்னு எழுதத்தான் வந்தேன். நீரு அடிச்சு முடிக்கதுக்குள்ள அது பொய்யாயிரும் போலிருக்கே வே."

ஆட்டோவில் ஏழு பேர்

அந்தச் சொல் தைத்துவிட்டது. வேகம் என்று எவன் சொன்னாலும் அதைப் பிரவுசரில் ஏற்றினேன். பறக்க வைப்பேன் என்றது ஒன்று. குப்பையைக் கூட்டித் தள்ளுவேன் என்றது இன்னொன்று. வீடியோ இறக்கித் தருகிறது, எழுத்தைப் பெரிசாக்குகிறது என்று ஏழெட்டு வந்து மேலே வலது மூலையில் பொம்மை பொம்மையாக உட்கார்ந்தன. அதற்கப்புறம் பிரவுசரை அமுக்கிவிட்டு டீ சொல்லி, டீ வந்து, குடித்தும் முடிக்கலாம். அப்போதுதான் அது திறக்கும். போதாததற்கு வருகிறவர்கள் எல்லாம், எது எழும்பி 'அனுமதிக்கலாமா' என்று கேட்டாலும் அனுமதித்துவிட்டுப் போனார்கள். கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவர்களுக்குக்கூட இவ்வளவு தாராளம் இருக்காது. சர்ச்சில் ஊர்கூடிச் சாப்பிடுகிற அசன விழாவுக்கு நோட்டீஸ் அடிக்க வந்த சபை ஊழியர் ஒருவருக்கு முன்னால், உங்களோடு பேச ஒரு பெண் காத்திருக்கிறாள் என்று ஓரத்திலிருந்து ஒரு படம் எழும்பியது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, முழுசும் வாசித்தார். பிறகு நோட்டீஸ் வேண்டாம் என்று போய்விட்டார்.

என் கடையில் டைப் செய்கிறவள் செல்வி. பி.காம். படித்தவள். எட்டாவது படித்தவனிடம் சம்பளம் வாங்குகிறோமே என்று அவளுக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை. ஆனால் நான் செய்கிற முட்டாள்தனத்தை என் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அன்றைக்கும் சொன்னாள்:

"வேகமா போகணும்னு ஆட்டோவுல ஏழு பேர ஏத்தினா எப்படி அண்ணாச்சி ஓடும்? ஒவ்வொருத்தரா இறக்கி விடுங்க."

மூன்றாம் பக்கத்துக் கட்டம்

இறக்கி விட்டேன். பிரவுசர் மூச்சு விட்டது. ஒன்றை மட்டும் நான் விடவில்லை. ஒரு தடவை அடித்த விலாசத்தை ஞாபகம் வைத்து, அடுத்த தடவை இரண்டு எழுத்து அடித்ததுமே தெரு, ஊர், பின்கோடு, போன் நம்பர் எல்லாவற்றையும் தானே நிரப்பிவிடும் வசதி அது. அதையும் எடுங்கள் என்றுதான் செல்வி சொன்னாள். ஒற்றை விரலில் அடிக்கிறவனுக்கு அதன் அருமை தெரியும். ஊர், தெரு, நம்பர் மட்டும் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. ஒரு நாள் எதிர்க்கடையை விட ஒரு ஃபாரம் கூடுதலாக முடித்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நாட்களில்தான் ஞானதுரை தன் மகள் ஜெபாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் போடுகிற மனிதர். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க். அரசு நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பம். அவர்களுக்கு முன்னால் புளியங்குடி எலுமிச்சை கமிஷன் கடைக்காரர் ஒருவருக்கு நான் ஃபாரம் அடித்து முடித்திருந்தேன். ஜெபாவின் விண்ணப்பத்தில் முதல் பக்கத்தில் ஓ.டி.பி. வருவதற்கு ஞானதுரை நம்பரைத்தான் அடித்தோம். சரியாகத்தான் வந்தது. மூன்றாம் பக்கத்தில் விலாசம் கேட்டது. இரண்டு எழுத்து அடித்தேன், எல்லாம் நிரம்பியது. தெருவை மாற்றினேன், ஊரை மாற்றினேன், பின்கோடை மாற்றினேன். அதற்குக் கீழே 'தொடர்புக்கான கைபேசி எண்' என்று இன்னொரு கட்டம் இருந்ததை நான் பார்க்கவில்லை. அதில் கமிஷன் கடைக்காரர் நம்பர் ஏறி உட்கார்ந்திருந்தது. சப்மிட் அமுக்கப் போனபோது அந்தப் பெண் கையை நீட்டி நிறுத்தினாள். பின்னால் ஆள் நிற்கிறது, தப்பெல்லாம் வராது என்று சொல்லிவிட்டு அமுக்கினேன். அவள் கேட்டதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்:

"ஒரே ஒரு தடவ வாசிச்சுப் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. ரெண்டு நிமிஷம்."

புளியங்குடி நம்பர்

அழைப்பு மெசேஜ் வரும் என்று ஞானதுரை தன் போனைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். உளுந்துக் காட்டில் சிக்னல் கிடைக்காது என்று மேட்டில் ஏறி ஏறிப் பார்த்தாராம். ஒன்றும் வரவில்லை. கூடப் படித்த பெண்ணுக்குக் கல்லூரி கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டுத்தான் இருவரும் ஓடி வந்தார்கள். விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தோம். ஜெபாவின் மார்க்குக்கு அழைப்பு வந்திருக்கிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாளும் வந்து, போயே போய்விட்டது. மூன்றாம் பக்கத்தில் இருந்தது ஞானதுரை நம்பர் இல்லை. அவர்கள் எதிரிலேயே அந்த நம்பருக்குப் போட்டேன்.

கமிஷன் கடைக்காரர் எடுத்தார். பின்னால் ஏலம் விடுகிற சத்தம். ஆமாம், மெசேஜ் வந்தது, படிக்க வா படிக்க வா என்று மூன்று தடவை வந்தது, அழித்துவிட்டேன் என்றார், ரொம்ப சாதாரணமாக. எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். எழுதப் படிக்கத் தெரிந்த மனுஷன் ஒரு பிள்ளையின் பெயர் இருக்கிறதே என்று பார்க்க வேண்டாமா என்று கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

"எனக்கு அம்பத்தாறு வயசு, என்னை எவன் நர்ஸ் வேலைக்குப் படிக்கக் கூப்பிடுவான்? தெரியாத மெசேஜ் வந்தா தொடாம அழிச்சிரும்னு உம்ம கடையில வச்சு நீருதான வே சொன்னீரு."

ஞானதுரை

கடைசிச் சுற்று ஏதாவது இருக்குமா என்று கேட்க ஞானதுரையும் நானும் திருநெல்வேலியில் நர்ஸிங் கல்லூரி அலுவலகத்துக்குப் போனோம். இடங்கள் நிரம்பிவிட்டன. மெசேஜ் ஒரு வசதிக்குத்தான், தேதி எல்லாம் வெப்சைட்டிலேயே போட்டிருந்தது, தினமும் பார்த்திருக்க வேண்டும் என்று அங்கிருந்தவர் நிதானமாக விளக்கினார். அவர் சொன்னதில் தப்பில்லை. தப்பில்லாததைக் கேட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் பதிலுக்கு நானும் மாரியப்பனையும் ஹெட்மாஸ்டரையும் கமிஷன் கடைக்காரரையும் இழுத்துப் போட்டிருப்பேன். மனதுக்குள் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சங்கரன்கோவிலில் இறங்கியபிறகுதான் பேசினார். இப்படி ஒரு மனிதனை என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள்:

"ஆண்டவருக்கு முன்னால நான் உங்கள மன்னிச்சிட்டேன் அண்ணாச்சி. பிள்ளைகிட்ட போய் என்ன சொல்லன்னுதான் தெரியல."

இங்கேதானே வைத்திருந்தேன்

மறுநாளே கடையை அரை ஷட்டர் இறக்கிவிட்டு செல்வியும் நானும் மெஷின் முன்னால் உட்கார்ந்தோம். நாலு நாள் ஆயிற்று. முதலில் பழைய பிரவுசர் சேர்த்து வைத்திருந்த பட்டியலைத் திறந்து காட்டினாள். பாஸ்வேர்டு பாஸ்வேர்டாக, ஊர்க்காரர்கள் பெயரோடு, கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. என் மெஷினில் உட்காருகிற எவனும் இதைத் திறந்து படித்திருக்கலாம். யாரும் படிக்கவில்லை என்றால் அது எங்கள் ஊர் நல்ல மனசு, என் சாமர்த்தியம் இல்லை. மொத்தத்தையும் அழித்தோம். பாரம் குறைவான வேறு பிரவுசர் ஒன்றை ஏற்றினோம். விளம்பரத்தைத் தடுக்க ஒன்றே ஒன்று, மற்றபடி மூலையில் பொம்மை கிடையாது. எந்த வெப்சைட்டும் எழும்பி அனுமதி கேட்க முடியாது. விலாசம், பாஸ்வேர்டு எதையும் சேர்த்து வைக்காது. ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாகத் திறப்போம், அவர் எழுந்ததும் மூடுவோம், மூடினால் அவர் வந்து போன தடமே இருக்காது. தேடிப் போய்ப் போலி வெப்சைட்டில் விழக்கூடாது என்று, அரசாங்க முகவரிகளை செல்வி சரிபார்த்து மேலே வரிசையாகக் குறித்து வைத்தாள். இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்: பாரம் இறங்கியதும் பிரவுசர் முன்னை விட வேகமாகத்தான் திறக்கிறது. அடிக்கிற விரல்தான் பழைய விரல்.

அடுத்த வாரம் ஹெட்மாஸ்டர் வந்தார். வேகம் தேடி எதிர்க்கடைக்குப் போனவர், பென்ஷன் வெப்சைட் பாஸ்வேர்டுக்கு மட்டும் என்னிடம் வந்தார். அவருக்கு அது ஞாபகம் இல்லை, எழுதியும் வைக்கவில்லை. குடையை விட்டுப் போனதுபோல என் மெஷினில் விட்டுப் போயிருக்கிறார். அழித்துவிட்டோம், புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். நான் அவர் வீட்டுக்குள் புகுந்து பீரோவைத் திறந்ததுபோல ஒரு பார்வை பார்த்தார்.

"நாலு வருஷமா இங்கனதான வச்சிருந்தேன். என்கிட்ட கேக்காம எடுத்து வெளிய போட நீரு யாரு வே?"

மறு வருஷம்

இந்த வருஷம் விண்ணப்பம் ஆரம்பித்த முதல் நாள் காலையில் ஜெபா தனியாக வந்தாள். இடையில் ஒரு வருஷம் பக்கத்து ஊர் திருவேங்கடத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்கு நின்றாளாம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போனேன். எழுந்திருக்கச் சொன்னாள். எழுந்தேன். அவளே உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். கட்டத்தில் எதுவும் தானாக நிரம்புகிறதா என்று இரண்டு எழுத்து அடித்துச் சோதித்தாள். நிரம்பவில்லை. மூன்றாம் பக்கத்து நம்பரைத் தன் போனிலிருந்து பார்த்து அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். பிறகு முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவசரம் என்றால் எதிர்க்கடைக்குப் போங்கள், அங்கே ஐந்தே நிமிஷம் என்று நானே கையைக் காட்டினேன். மூன்று பேர் போனார்கள். மாரியப்பன் சிரித்தான். சிரிக்கட்டும்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தபோது, இவ்வளவு நடந்த பிறகும் ஏனம்மா இந்தக் கடைக்கே வந்தாய் என்று கேட்டேன். நல்ல வார்த்தை ஏதாவது வரும் என்று ஒரு ஆசைதான். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எதுத்த கடையிலயும் அப்படித்தான் அடிக்காவ. நீங்களாவது ஒரு தடவ பட்டிருக்கிய. எங்கப்பா உங்கள மன்னிச்சிட்டாவ, நான் மன்னிக்கல. சீட்டு வந்தா யோசிக்கேன்."

மெசேஜ் அவள் நம்பருக்கே போய், திருநெல்வேலியில் சீட்டும் கிடைத்து, அவள் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள், அவள் இடத்தில் நான் இருந்தாலும் சீக்கிரம் முடிக்க மாட்டேன்.