வெளங்கல மக்ளே

டெல்லி மெட்ரோவில் என் எதிரே ஒரு தாயும் மகளும். தாய் டியூட்டிக்குப் போகும் நர்ஸ். யூனிஃபார்மில் மொடமொடப்பு குறையவில்லை. மகளுக்கு அன்று புவியியல் முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்காணல். நகரத்தில் இரவிலும் சூடு ஏன் தணிவதில்லை என்று தாயிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாய் கண்ணை மூடிக் கேட்டார். “வெளங்கல மக்ளே, திருப்பிச் சொல்லு.” ஒவ்வொரு முறையும் இதேதான்.

கடைசியில் மகளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. “அடுப்ப அணைச்ச பொறவும் தோசக்கல்லு சுடும்லா? இந்த ஊரு கான்கிரீட்டும் அப்பிடித்தாம்மா!”

“ம், இப்ப வெளங்கிச்சு.”

பல்கலைக்கழக நிலையத்தில் மகள் இறங்கினாள். அவள் போன பக்கமே பார்த்திருந்த தாயின் முகத்தில் அப்படியொரு பெருமை. “முதல்ல நிஜமாவே புரியலையாக்கா?” என்று கேட்டேன்.

“மொதல்லயே வெளங்கிச்சு. அதச் சொல்லியிருந்தா தோசக்கல்லு வந்திருக்குமா?”