மாமியார் பல்லுக்கு வெச்ச ஃபில்லிங்

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். அவருக்கு இந்த உலகத்துல ஒரே எதிரி எச்சில். அவர் க்ளினிக், சைக்கிள் கடைக்கு மேல ரெண்டு ரூம், ஒரு நாற்காலி. அதுல யார் உக்காந்தாலும் மொதல்ல வாய்க்குள்ள பஞ்சைத் திணிச்சிடுவார். "பல்லு காஞ்சிருக்கணும். வெக்கிறப்ப ஈரம் பட்டா பல்லை அடைக்கிற இந்தப் பசை ஒழுங்கா ஒட்டாது. ஒட்டின மாதிரி நடிக்கும், அப்புறம் ஓரத்துல இடுக்கு விட்டு உள்ளுக்குள்ளயே சொத்தை ஓடும்"னு பாடம் நடத்துவார். கேக்கிறவங்க வாயைத் திறந்துக்கிட்டு, பதில் சொல்ல வழியில்லாம கிடப்பாங்க.

இப்பேர்ப்பட்ட மனுஷன், எங்களுக்குக் கல்யாணமான புதுசுல எங்கம்மாவோட கடைவாய்ப்பல் ஒண்ணை அடைச்சார். எங்கம்மா வாய் சும்மா இருக்குமா? பஞ்சை வெச்சா நனையும், மாத்தினா மறுபடி நனையும். நடுவுல "ஒரே ஒரு விஷயம் மாப்பிள்ளை"ன்னு பேச்சு வேற. மாமியாரைப் பார்த்து "பேசாம இருங்க"ன்னு சொல்ல இவருக்குத் தைரியம் வரலை. நனைஞ்ச பல்லு மேலயே பசையை வெச்சு, அது இறுக லைட்டை அடிச்சு அனுப்பிட்டார்.

அன்னைலேர்ந்து என் தலைவலி ஆரம்பம். எங்கம்மா எங்க வீட்ல சாப்பிட உக்காந்தா இவர் தன் தட்டைப் பாக்க மாட்டார், அவங்க தாடையைத்தான் பாப்பார். "ஒரு தடவை காட்டுங்களேன் அத்தை"ன்னு கேட்டா, "நல்லாத்தான் இருக்கு, அப்புறம் பாக்கலாம்"னு நழுவிடுவாங்க. இடது பக்கப் பல்லெல்லாம் எப்பவோ போயாச்சு. மெல்றதுக்கு இருக்கிறது இவர் அடைச்ச வலது பக்கம்தான். "என்னால அதுவும் போச்சுன்னா உங்கம்மா எதைக் கடிச்சு சாப்பிடுவாங்க?"ன்னு ஏழெட்டு வருஷமா என் காதுல புலம்பல்.

போன வாரம் எங்கம்மா கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னாங்க. வலது கன்னம். இவர் முகத்துல ஈயாடலை.

நாற்காலியில சாய வெச்சு, விளக்கைத் திருப்பி, குட்டிக் கண்ணாடியை வாய்க்குள்ள விட்டார். அப்படியே நின்னுட்டார்.

"என்னங்க, பல்லை எடுக்கணுமா?"ன்னு நான்தான் கேட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "அத்தை, நான் வெச்சது பல் கலர்ல. இது கறுப்பா உலோகமா இருக்கே! என் ஃபில்லிங் எங்க?"

எங்கம்மா திருதிருன்னு முழிச்சாங்க. "அது அந்த மாசமே விழுந்துடுச்சு மாப்பிள்ளை."

"சொல்லியிருக்கலாமே!"

"தொழில் ஆரம்பிச்ச புதுசு. மாமியாரே குறை சொன்னா மனசு விட்டுப் போயிடுவீங்களேன்னு, மார்க்கெட் பக்கம் ஒருத்தர்கிட்ட போய் அடைச்சுக்கிட்டேன்."

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். எவனோ அடைச்ச பல்லுக்கு என் புருஷன் இத்தனை வருஷம் தூக்கம் கெட்டிருக்கார்! எனக்கு வந்த கோபத்துக்கு ரெண்டு பேரையும் ஒரு வழி பண்ணியிருப்பேன். அவர் என்னடான்னா விழுந்து விழுந்து சிரிக்கிறார். "நான் சொல்லலை? ஈரத்துல வெச்சா நிக்காதுன்னு சொன்னேனா இல்லையா?" தோத்ததுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவர் இவர் ஒருத்தராத்தான் இருக்கும். எக்ஸ்ரே எடுத்தார். பழைய உலோகம் ஓரத்துல லேசா தேஞ்சிருந்தாலும் கல்லு மாதிரி நின்னுச்சு. அது ஈரத்தை ஓரளவு பொறுத்துக்குமாம். வலி பக்கத்துப் பல்லுல. புதுசா ஒரு சின்ன சொத்தை, அதுல சாப்பாடு சிக்கி ஈறு வீங்கியிருக்கு, அவ்வளவுதான். எடுக்க வேண்டாம், அடைச்சா போதும். அப்பாடான்னு நான் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்துட்டேன்.

"மார்க்கெட்காரர்கிட்டயே போறீங்களா அத்தை?" விளையாட்டாத்தான் கேட்டார். ஆனா குரல் இறங்கிப் போயிருந்துச்சு.

"அட, சும்மா இருங்க மாப்பிள்ளை"ன்னு எங்கம்மா வாயை ஆன்னு திறந்துட்டாங்க.

இந்தத் தடவை அவர் விடலை. அந்தப் பல்லு மட்டும் வெளிய தெரியற மாதிரி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டினார். எச்சிலும் வரலை, பேச்சும் வரலை. எங்கம்மா அவ்வளவு நேரம் அமைதியா இருந்தது எனக்கே என்னமோ போல இருந்துச்சு.

முடிஞ்சதும் டக் டக்குன்னு கடிச்சுப் பாத்தாங்க. "இது விழுந்தா என்ன பண்ணுவேன் தெரியுமா?"

அவர் கையுறையைக் கழட்டறதை நிறுத்திட்டார். "என்ன பண்ணுவீங்க?"

"நேரா உங்ககிட்டயே சண்டைக்கு வருவேன்."

"வாங்க அத்தை"ன்னார். "கண்டிப்பா வாங்க."